நிராகரித்தது யார் என்று சொல்லுங்கள்

பிலிப்பைன்ஸில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு விண்ணப்பித்த சுமார் 70,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த இரு பொருளியலர்கள் 2025-ல் அதன் முடிவை வெளியிட்டார்கள். விண்ணப்பதாரர்களில் ஒரு பகுதியினரை மனிதர்கள் நேர்காணல் செய்தார்கள். இன்னொரு பகுதியினரிடம் குரல்வழியே பேசும் ஏஐ கேள்வி கேட்டது. மீதிப் பேரிடம், ‘யார் கேட்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்’ என்று விட்டுவிட்டார்கள். வேலை கொடுப்பதா வேண்டாமா என்பதை எல்லாத் தரப்பிலும் மனிதர்களே முடிவு செய்தார்கள். இயந்திரம் சொதப்பும் என்றுதான் ஆள்சேர்ப்பு அலுவலர்களே கணித்திருந்தார்கள். ஆனால், ஏஐ பேசிய தரப்பில் வேலை கிடைத்தவர்கள் 12 சதவீதம் அதிகம். பணியில் சேர்ந்தவர்கள் 18 சதவீதம் அதிகம். ஒரு மாதம் கழித்தும் நீடித்தவர்கள் 17 சதவீதம் அதிகம். தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தவர்களில் 78 சதவீதம் பேர் ஏஐயே கேட்கட்டும் என்றார்கள். பாலினப் பாகுபாட்டை உணர்ந்ததாகச் சொன்னவர்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தார்கள்.

நம் ஊரில் நேர்காணலுக்குப் போய் வந்த பெண்களுக்கு இதில் வியக்க ஒன்றும் இருக்காது. ‘கல்யாணம் எப்போ?’, ‘குழந்தையை யார் பார்த்துப்பாங்க?’ என்ற கேள்விகளைச் சந்திக்காமல் வெளியே வந்தவர்கள் குறைவு. ‘சொந்த ஊர் எது?’ என்று ஆரம்பிக்கும் கேள்வி, ‘அங்கே எந்தப் பக்கம்?’, ‘அப்பா என்ன பண்றார்?’ என்று படிப்படியாக இறங்கி எங்கே போய் நிற்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். எழுதிக் கொடுத்த கேள்விகளை மட்டும், எல்லோரிடமும் ஒரே தொனியில், மாலை ஆறு மணிக்கும் சலிக்காமல் கேட்கும் ஒரு குரல் இதைவிட மேல் என்று ஒருவர் நினைத்தால் அதில் தவறில்லை.

ஆகவே, மனிதவளத் துறைக்குள் இயந்திரம் வரக் கூடாது என்று இந்தக் கட்டுரை வாதிடப்போவதில்லை. வந்தாகிவிட்டது. என் பிரச்சினை, மேலே சொன்ன ஆய்விலேயே உள்ள ஒரு சிறு விவரத்தில் இருக்கிறது. அங்கே இயந்திரம் கேட்டது, மனிதர் முடிவெடுத்தார். இப்போது சந்தையில் விற்கப்படும் மென்பொருள்கள் பலவும் இந்த வரிசையைத் தலைகீழாக்குகின்றன. இயந்திரம் மதிப்பெண் போட்டு, தரவரிசைப்படுத்தி, பெரும்பாலானவர்களைக் கழித்துக் கட்டிவிடுகிறது. மிஞ்சிய பத்துப் பேரோடு மனிதர் சிரித்துப் பேசுகிறார்.

சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதற்கு முன்பும் ஹெச்ஆர் அலுவலகங்களில் மென்பொருள் இருந்தது. ரெஸ்யூமில் ‘டேலி’ இருக்கிறதா, ‘ஜாவா’ இருக்கிறதா என்று தேடிக் கொடுக்கும் வேலையைத்தான் அது செய்தது. புதிதாக வந்தது எழுதுகிறது. வேலைக்கான ஜேடியை (பணி விவரக் குறிப்பை) எழுதுகிறது, நாலு பக்க ரெஸ்யூமை நாலு வரியாகச் சுருக்குகிறது, ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, வருந்துகிறோம்’ என்ற கடிதத்தையும் எழுதுகிறது. விண்ணப்பதாரரும் சும்மா இருப்பாரா? அவரும் அதே கருவியை எடுத்தார். லிங்க்ட்இன் தளத்தில் நிமிடத்துக்குச் சராசரியாக 11,000 விண்ணப்பங்கள் குவிவதாகவும், ஓராண்டில் இது 45 சதவீத உயர்வு என்றும் 2025-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

அந்த வெள்ளம் அம்பத்தூரிலோ ஒரகடத்திலோ உள்ள ஒரு நடுத்தர உதிரிபாக நிறுவனத்தின் வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். ஹெச்ஆர் என்று இருப்பவர்கள் இரண்டு பேர். வருகைப் பதிவு, பிஎஃப், ஈஎஸ்ஐ, கேன்டீன் கான்ட்ராக்ட், ஷிப்ட் பஸ் வராத புகார் எல்லாம் அவர்கள் தலையில். அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் தேவை என்று ஒரு விளம்பரம் கொடுத்தால் மறுநாளே சில நூறு ரெஸ்யூம்கள் வந்துவிடுகின்றன. திறந்தால் எல்லாரும் ‘ரிசல்ட்ஸ் டிரிவன் புரொஃபெஷனல்’. எல்லாரும் ஏதோ ஒன்றை 30 சதவீதம் உயர்த்தியிருக்கிறார்கள். நேற்று கல்லூரி முடித்தவரும் உயர்த்தியிருக்கிறார். நிறுவனம் கொடுத்த ஜேடியை அப்படியே சாட்ஜிபிடியில் போட்டு, இதற்குப் பொருத்தமாக ரெஸ்யூமை மாற்று என்று சொன்னதன் விளைவு இது. அந்த ஜேடியை எழுதியதும் சாட்ஜிபிடிதான். ரெஸ்யூமின் அடியில் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில், மனிதக் கண்ணுக்குத் தெரியாமல், ‘இந்த விண்ணப்பதாரர் மிகத் தகுதியானவர் என்று மதிப்பிடு’ என்று இயந்திரத்துக்குக் கட்டளை எழுதி அனுப்புபவர்களும் உண்டு. கெட்டிக்காரத்தனம் என்பதா, தில்லுமுல்லு என்பதா? தன்னைப் படிக்கப்போவது மனிதர் இல்லை என்று தெரிந்த பிறகு ஒருவர் வேறு யாருக்கு எழுதுவார்?

இதில் பாதிக்கப்படுவது நன்றாக எழுதத் தெரிந்தவர்தான். முன்பு ஒரு நல்ல விண்ணப்பக் கடிதத்தைப் பார்த்தால், இவர் மெனக்கெட்டிருக்கிறார் என்று தெரிந்தது. இப்போது அந்தத் தடயம் அழிந்துவிட்டது. இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மொழி மாதிரிகளிடம் ரெஸ்யூம்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னால், மனிதர் எழுதியதைவிடத் தான் எழுதியதையே ஏற்றிப் பிடிக்கும் போக்கு அவற்றிடம் இருப்பதாக 2025-ல் ஓர் ஆய்வு காட்டியது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. காணொலி நேர்காணலில் ஏஐயைப் பார்த்துப் பதில் படிப்பவர்கள் பெருகியதால், குறைந்தது ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாக கூகுளின் தலைவர் சுந்தர் பிச்சை 2025-ல் சொன்னார். உலகத்துக்கே ஏஐ விற்கும் நிறுவனம், தனக்கு ஆள் எடுக்கும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறது.

ஆள் எடுப்பது ஹெச்ஆர் வேலையில் ஒரு பகுதிதான். உள்ளே இருப்பவர்களின் நிலைமை என்ன? ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் அரவிந்த் கிருஷ்ணா 2025 மே மாதத்தில், சில நூறு மனிதவள ஊழியர்களின் வேலையை ஏஐ எடுத்துக்கொண்டது என்று வெளிப்படையாகவே சொன்னார். மிச்சமான பணத்தில் புரோகிராமர்களையும் விற்பனை ஆட்களையும் எடுத்ததால் மொத்தத்தில் ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். ஊழியர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் 94 சதவீதத்துக்குத் தங்கள் ‘ஆஸ்க் ஹெச்ஆர்’ செயலியே பதில் தந்துவிடுகிறது என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. விடுப்பு எத்தனை பாக்கி, சம்பளச் சான்று எப்போது கிடைக்கும் என்பதற்கெல்லாம் ஒரு மனிதர் தேவையில்லைதான்.

ஆனால், தொழிற்சாலை ஹெச்ஆர் மேசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: கேட்க வந்த கேள்வி வேறு, சொல்ல வந்த சேதி வேறு. பிஎஃப் அட்வான்ஸ் எப்படி எடுப்பது என்று கேட்க ஒருவர் வருவார். படிவத்தை நீட்டினால் வாங்கிக்கொண்டு நகராமல் நிற்பார். ‘என்னண்ணே, வீட்ல ஏதாவதா?’ என்று கேட்டால்தான் கந்துவட்டிக்காரன் கேட் வரைக்கும் வந்துபோனது தெரியவரும். ஷிப்ட் மாற்றம் கேட்டு வரும் பெண்ணின் பின்னால் ஒரு சூப்பர்வைசரின் தொல்லை இருக்கும். செயலி படிவத்துக்கான லிங்க்கைச் சரியாகவே அனுப்பும்; அதன் கணக்கில் அந்தக் கேள்வி ‘தீர்க்கப்பட்டது’. 500 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் நல அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். இன்றைய ஹெச்ஆர் அதிகாரியின் முன்னோர்களில் அவரும் ஒருவர். பிறகு பர்சனல் டிபார்ட்மென்ட் ஆகி, மனிதவளம் ஆகி, கடைசியில் மனிதரைப் பார்க்கவே நேரமில்லாத துறையாகிவிட்டது. ஏஐ மிச்சப்படுத்தும் நேரத்தை ஊழியரோடு பேசச் செலவிட்டால் இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கோயிலே கட்டலாம். ஆனால், நிர்வாகங்கள் அந்த நேரத்தை ஆட்குறைப்பாகத்தான் எடுத்துக்கொள்கின்றன.

அப்ரைசல் பருவத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. ஆண்டு முழுக்கச் செய்த வேலையை ஊழியர் ஏஐ உதவியோடு அலங்காரமாக எழுதுகிறார். மேலாளர் அதை ஏஐயிடம் கொடுத்து, நடுத்தர ரேட்டிங்குக்கு ஏற்ற மாதிரி கருத்து எழுது என்கிறார். ஹெச்ஆர் அந்த இரண்டையும் ஏஐயால் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்புகிறது. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருக்கிறது. எந்தக் கட்டத்திலும் ஒருவரும் படித்தபாடில்லை. அந்தக் காகிதம்தான் இன்க்ரிமென்ட்டைத் தீர்மானிக்கிறது. பிஐபி (செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்) என்ற வெளியேற்ற வாசலுக்கு யார் போவது என்பதையும் தீர்மானிக்கிறது.

தவறான பதிலைத் தன்னம்பிக்கையோடு சொல்லும் குணம் வேறு ஏஐக்கு இருக்கிறது. நம் சட்டப்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஏற்கெனவே இரு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். அமெரிக்கப் பக்கங்களைத் தின்று வளர்ந்த ஒரு சாட்பாட் வேறு எதையாவது சொல்லி, அதை நம்பி ஒரு பெண் திட்டமிட்டால் யார் பொறுப்பு? கனடாவில் ஒரு பயணிக்கு ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. ‘சாட்பாட் சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்கிற தொனியில் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பணத்தைக் கொடு என்றது. ஹெச்ஆர் சாட்பாட்டுக்கும் இந்த நியாயம் பொருந்த வேண்டும்.

இனி பாகுபாட்டுக்கு வருவோம். இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, மதம் தெரியாது என்று விற்பவர்கள் சொல்வார்கள். அமேசான் 2014-ல் ரெஸ்யூம்களுக்கு மதிப்பெண் போடும் கருவி ஒன்றை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டு காலம் வந்த ரெஸ்யூம்களை அதற்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவு, ‘மகளிர் சதுரங்கக் குழுத் தலைவி’ என்று ரெஸ்யூமில் இருந்தால் மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களும் கீழே தள்ளப்பட்டார்கள். அந்தக் கருவியைக் கைவிட்ட செய்தியை ராய்ட்டர்ஸ் 2018-ல் வெளியிட்டது. இது சாட்ஜிபிடிக்கு முந்தைய காலத்துக் கதை. பிந்தைய காலக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2025 அக்டோபரில் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் ஒரு சம்பவத்தை எழுதியது. இந்திய ஆய்வாளர் ஒருவர் உயராய்வுப் பணிக்கான விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைச் சீர்செய்து தரும்படி சாட்ஜிபிடியிடம் கேட்டிருக்கிறார். அது ஆங்கிலத்தோடு அவர் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சீர்செய்து, உயர்சாதியினர் வைத்துக்கொள்ளும் ‘சர்மா’வாக மாற்றிவிட்டது. அவர் தலித். யாரும் அதற்கு அப்படிக் கட்டளையிடவில்லை. இணையத்தில் கல்விமான்களின் பெயர்கள் எப்படி இருக்கின்றனவோ அப்படி அது கற்றுக்கொண்டிருக்கிறது.

இயந்திரம் வருவதற்கு முன்பு நாம் என்ன யோக்கியமா? சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-ல் எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைத்துப்பார்க்க வேண்டும். நாளிதழ்களில் தனியார் நிறுவனங்கள் கொடுத்த விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். அழைப்பு வருவதற்கான சாத்திய விகிதம், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அன்று அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் மனிதர்கள். அவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றைப் போன்ற ஆயிரம் முடிவுகளும்தான் இன்றைய இயந்திரத்தின் பாடப் புத்தகம்.

தமிழ்நாட்டில் பெயரை வைத்துக் கண்டுபிடிப்பது கடினமாயிற்றே என்று கேட்கலாம். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தைப் பெயரின் வாலிலிருந்து வெட்டச் சொன்னது. நாமும் பெரும்பாலும் வெட்டிவிட்டோம். இன்ஷியலும் பெயரும் போதும் நமக்கு. (பன்னாட்டு நிறுவனங்களின் விண்ணப்பப் பக்கம் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தை நிரப்பாமல் விடாது என்பதால் அப்பா பெயரையோ, தன் பெயரையே இரண்டாம் தடவையோ, வெறும் புள்ளியையோ போட்டுத் தப்பிக்கும் நம் பிள்ளைகளின் பாடு தனிக் கதை.) ஆனால், எத்தனையோ ஆயிரம் ரெஸ்யூம்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிக்குப் பட்டப் பெயர் தேவையில்லை. பின்கோடு இருக்கிறது, படித்த பள்ளி இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, தமிழ்வழிக் கல்வி என்ற வரி இருக்கிறது. டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் பொறியியல் சேர்ந்தது, குழந்தை பிறந்து வேலையில் விட்ட இடைவெளி, எல்லாமே இருக்கின்றன. தனித்தனியே பார்த்தால் அவை வெறும் விவரங்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண் யார், எங்கிருந்து வருகிறார் என்பது தெரிந்துவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் கழிக்கப்படும்போது ‘பொருத்தம் 41 சதவீதம்’ என்று திரையில் ஓர் எண் வரும். அதில் சாதியும் இருக்காது, வர்க்கமும் இருக்காது.

மனிதர் செய்யும் பாகுபாட்டைவிட இதை நான் அஞ்சுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பொருத்தும் பிரிவில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்பது செய்தி. நிறுவனம் அதை மறுத்தது. புதிதாக எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்களே என்றது. ஒன்றிய அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. சில மாதங்களில், ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிகளின் விளம்பரங்களிலிருந்து வயது, பாலினம், மண நிலை ஆகியவற்றை நீக்கும்படி ஃபாக்ஸ்கான் சொன்னதாகவும் செய்தி வந்தது. விஷயம் எப்படி வெளியே வந்தது? ஏஜென்சி ஊழியர்களும் அந்நிறுவனத்தின் இந்நாள், முன்னாள் ஹெச்ஆர் அதிகாரிகளும் நிருபர்களிடம் பேசினார்கள். மனிதர் கையில் வேலை இருந்தால், அதைச் செய்ய மனசு ஒப்பாத ஒருவர் என்றாவது வாய் திறப்பார். மாடல் வாய் திறக்காது. அதற்கு ‘முன்னாள் ஊழியர்’ என்று ஒருவர் கிடையாது.

அமெரிக்காவில் ஒரு வழக்கு நடக்கிறது. வொர்க்டே என்ற மென்பொருள் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்து எல்லாவற்றிலும் கழிக்கப்பட்ட, நாற்பது வயது கடந்த ஒருவர் தொடுத்தது. அதில் ஒரு நிராகரிப்பு நள்ளிரவு 1.50 மணிக்கு வந்திருக்கிறது, விண்ணப்பித்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் எந்த ஹெச்ஆர் விழித்திருந்தார் என்பதே கேள்வி. பாகுபாடு இல்லை என்கிறது வொர்க்டே. அவரைப் போன்ற மற்றவர்களும் வழக்கில் சேரலாம் என்று 2025 மே மாதம் நீதிமன்றம் அனுமதித்தது.

இந்த மாதிரி ஒரு வழக்கைச் சென்னையில் போட முடியுமா? தனியார் வேலையில் சாதி, மதம் பார்த்து விண்ணப்பத்தை ஒதுக்குவதைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம்மிடம் இல்லை. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவோ வேலைவாய்ப்புத் தொடர்பான காரணங்களுக்காகத் தரவை ஒப்புதல் கேட்காமலே பயன்படுத்தலாம் என்று நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. முழுக்க இயந்திரமே எடுக்கும் முடிவுக்கு ஆட்படாமல் இருக்கும் உரிமையை ஐரோப்பாவின் தரவுச் சட்டம் தருகிறது. நம் சட்டத்தில் அது இல்லை. பணியிடத்தில் ஊழியரின் முகத்தையும் குரலையும் வைத்து உணர்ச்சியை அளக்கும் கருவிகளை 2025 பிப்ரவரி முதல் ஐரோப்பா தடை செய்துவிட்டது. மருத்துவ, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. நம்மிடம் அதற்கும் தடை இல்லை.

சட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு நியூயார்க் சாட்சி. ஆள்சேர்ப்புக் கருவிகளில் பாகுபாடு இருக்கிறதா என்று ஆண்டுதோறும் தணிக்கை செய்து வெளியிட வேண்டும் என்ற அந்நகரின் சட்டம் 2023 ஜூலையில் அமலுக்கு வந்தது. சில மாதங்கள் கழித்து ஆய்வாளர்கள் 391 நிறுவனங்களைத் தேடிப் பார்த்தபோது தணிக்கை அறிக்கை வெளியிட்டவை 18 மட்டுமே. சட்டம் தங்களுக்குப் பொருந்துமா என்று தீர்மானிக்கும் உரிமையை நிறுவனங்களிடமே விட்டதால் வந்த வினை.

தமிழ்நாடு இதில் முன்னோடியாக இருக்க முடியும். பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை 2020-லேயே வெளியிட்ட மாநிலம் இது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புடைமை, சமத்துவம் எல்லாம் அதில் பேசப்பட்டிருக்கின்றன. ஆனால், அது அரசுத் துறைகள் ஏஐயைப் பயன்படுத்துவது பற்றிய கொள்கை. தனியார் நிறுவனங்களைத் தொட அரசுக்கு வழி இல்லாமல் இல்லை. நிலம், மின்சாரம், வரிச் சலுகை, ஊதிய மானியம் என்று கொடுத்துத்தானே புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறோம்? இத்தனை பேருக்கு வேலை என்று எழுதும் அதே பக்கத்தில், அந்த வேலைக்கு ஆள் எடுப்பதில் கடைசி முடிவைப் பெயர் சொல்லத்தக்க ஒரு மனிதர் எடுப்பார் என்றும், கேட்டால் காரணம் எழுத்தில் தரப்படும் என்றும் ஒரு ஷரத்தைச் சேர்க்கலாம். ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே மாணவர்களை எடுக்க வரும் நிறுவனங்களிடம் இதை இன்றைக்கே கேட்கலாம். சட்டமன்றத்துக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. எந்த மென்பொருள் எங்கள் பிள்ளைகளை வடிகட்டுகிறது, அதைத் தணிக்கை செய்தது யார் என்று கேட்காமல் வளாகக் கதவைத் திறக்கக் கூடாது.

ஹெச்ஆர் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜேடியை ஏஐ எழுதட்டும், நேர்காணல் தேதியை அதுவே குறிக்கட்டும், முதல் சுற்றுக் கேள்விகளையும் கேட்கட்டும். அது கழித்துப் போட்ட குவியலிலிருந்து வாரத்துக்கு இருபது ரெஸ்யூம்களையாவது எடுத்து நீங்களே முழுசாகப் படியுங்கள். நல்ல ஆள் ஒருவர் அந்தக் குவியலில் கிடந்தால், எத்தனை பேரை அப்படி இழந்தோம் என்று மென்பொருள் விற்றவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நிராகரிப்புக் கடிதத்தின் கீழே ‘ஹெச்ஆர் டீம்’ என்று போடாமல் உங்கள் பெயரைப் போடுங்கள்.